அவன் பேச்சுக்கு நான் சேர்த்த மரியாதை

அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளுக்கு முதலில் மரியாதை சேர்த்தது நான்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம் அதை இங்கிலீஷில் எழுதியவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். கடைசியில் தாளில் வந்து நின்றபோது, ஒரு நல்ல மனிதன் ஒரு பெண்ணிடம் குடும்பத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்ததுபோல் இருந்தது. இன்றைக்கும் அந்தத் தாளை நினைத்தால் எங்கேயாவது துப்பவேண்டும்போல் இருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஐந்தாவது வரை படித்தவன். தமிழ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன். இங்கிலீஷில் என் கையெழுத்தை மட்டும் போடுவேன். வார்னிஷ் தொட்டி என் பொறுப்பு. மோட்டாருக்குள் இருக்கும் இரும்புக் கூட்டில் பெண்கள் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார்கள், அதுதான் ஸ்டேட்டர். அந்த ஸ்டேட்டர்களை வார்னிஷில் முக்கி, வடியவிட்டு, ஓவனில் வைத்து எடுக்கவேண்டும். தொட்டிக்கும் கம்பி சுற்றும் வைண்டிங் மேஜைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. வார்னிஷ் நெடிக்குப் பயந்து அந்த மூலைக்கு யாரும் வரமாட்டார்கள். நானும் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. அங்கே ஒரு ஆள் நிற்கிறான் என்பதே பலருக்கு ஞாபகம் இருக்காது. சூப்பர்வைசருக்கும் இல்லை.

முதலாளியோடு சேர்ந்து வரும்போது அந்தச் சூப்பர்வைசர் பெண்களை ‘அம்மணி’ என்பான், ‘கண்ணு’ என்பான். முதலாளியின் கார் கேட்டைத் தாண்டியதும் குரல் மாறிவிடும். அந்தப் பெண் வைண்டிங் மேஜையில் கடைசி ஆள், தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். முப்பது வயதுக்குள். புருஷன் இறந்து மூன்று வருஷம். ஒரு பெண் குழந்தை. காலேஜில் முதல் வருஷத்தோடு நின்றவள். வேலையில் சுத்தம், அவள் சுற்றிய ஸ்டேட்டர் டெஸ்டிங்கில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. தேநீர் இடைவேளையில் மற்றப் பெண்கள் வெளியே போனதும் அவன் அவள் பின்னால் வந்து நிற்பான். அவன் சொல்வது எனக்குத் தகரத்துக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஆறு மாதம் கேட்டேன். ஸ்டேட்டரைத் தொட்டியில் கொஞ்சம் சத்தமாக இறக்குவேன், அவ்வளவுதான் என் வீரம்.

ஒரு நாள் அவள் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவன் பேசியது வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று அவளிடம் விசாரித்தபோது, தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அண்ணனுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏசி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஹெச்.ஆர். வேலை பார்க்கும் சின்னப் பெண், லேப்டாப்போடு. வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல் அம்மா, ஐம்பது வயது இருக்கும். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு பெரிய மனிதர். என் சட்டையில் வார்னிஷ் நாற்றம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

“அவர் என்ன சொன்னாருன்னு நீங்க கேட்டதைச் சொல்லுங்க. பயப்படாதீங்க” என்றார் வக்கீல் அம்மா.

எனக்குப் பயம் இல்லை. கூச்சம். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசியதை இன்னொருவரிடம் சொல்லும்போது, கேட்கிறவருக்கு உரிய மரியாதையோடுதான் சொல்வோம். எதிரே இரண்டு பெண்கள். அவன் சொன்ன ‘வாடி’யை நான் சொன்னால், அது என் வாயிலிருந்து அவர்களைப் பார்த்துப் போவதுபோல் ஆகிவிடாதா? என் மனைவியைக்கூட நான் ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை. நாக்கு தானாகவே அதைத் தட்டிச் சமன் செய்துவிட்டது.

“ஊட்டுல ஆள் இல்லீங்களேன்னு கேப்பாருங்க. அப்புறம் ஸ்டோர் ரூமுக்கு வாங்கன்னு கூப்பிடுவாருங்க.”

“வேற?”

“அவ்வளவுதானுங்க. மத்ததெல்லாம் வாயில சொல்றாப்பல இல்லீங்க.”

“கோபமாச் சொன்னாரா? சாதாரணமாவா?”

“கோவமெல்லாம் இல்லீங்க. சிரிச்சுக்கிட்டேதானுங்க சொல்லுவாரு.”

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஹெச்.ஆர். பெண் படபடவென்று அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்து, “இங்க ஒரு சைன்ங்ணா” என்றாள். போட்டேன். ஒரு நகலையும் மடித்து என் கையில் கொடுத்தாள். தாள் இன்னும் சூடாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்பினேன். 

பத்து நாள் அவள் வேலைக்கு வரவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவனை யாரும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. தினமும் வந்தான். என்னைப் பார்த்து, “எப்புடி இருக்கற?” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். அதுவரை ஒரு நாளும் என் தோளைத் தொட்டவன் இல்லை. அந்தத் தட்டு எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை.

பதினோராவது நாள், ஷிப்ட் முடிந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள் வந்தாள். கையில் ஒரு கவர். பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்ணா, அவன் என்னை ரிக்வெஸ்ட் பண்ணுனானுங்களா?”

எனக்குப் புரியவில்லை. கவரைப் பிரித்து நீட்டினாள். அதில் ஒரு தாள் கம்பெனி அவளுக்கு எழுதிய கடிதம். இன்னொன்று நான் கையெழுத்துப் போட்ட அதே தாள்.

“வெள்ளிக்கெழம கடைசி விசாரணைங்க. சாட்சி சொன்னதுல தப்பா ஒண்ணுமே இல்லையாம். பொய்ப் புகாருன்னு முடிவாச்சுன்னா வேலையை விட்டு எடுத்துப்போடுவாங்களாம். நானே போயிருவனுங்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பொய் சொன்னவன்னு எழுதிக் குடுத்து அனுப்புனா, இந்த ரோட்டுல எந்தக் கம்பெனியில என்னைச் சேத்துவாங்க?”

“நான் அப்படிச் சொல்லலீங்க” என்றேன்.

“படிச்சுப் பாருங்க.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க.”

அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். “தெரியாமயே சைன் போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

என் மனைவி பன்னிரண்டாவது படித்தவள். காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். ‘நிற்கிறாள்’ என்பது சரியான வார்த்தை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவாள். அன்றைக்கு அப்படி உட்கார்ந்தபோது என்னிடம் இருந்த நகலைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

“ஏனுங்க, இது நீங்க பேசுனதுங்களா?”

“நாந்தான்.”

“இவ்வளவு நாகரிகமாப் பேசுவீங்களா? எங்கிட்ட ஒருநாளும் பேசுனதில்லையே!”

“வெளையாடாத. என்ன போட்டிருக்குதுன்னு சொல்லு.”

சொன்னாள். சூப்பர்வைசர் அந்தப் பெண்ணின் குடும்பச் சூழ்நிலையைப் பற்றி விசாரித்திருந்தார் என்று சாட்சி தெரிவித்தார். ஸ்டோர் அறைக்கு வருமாறு கேட்டுக்கொண்டிருந்தார் என்றும் தெரிவித்தார். அப்போது சூப்பர்வைசர் கோபமாக இல்லை, மலர்ந்த முகத்தோடு இருந்தார் என்பதைச் சாட்சி உறுதி செய்தார். வேறு எதுவும் சொல்வதற்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

“கேட்டுக்கிட்டாருன்னா?”

“ரிக்வெஸ்டட்னு போட்டிருக்குது. எங்க கடையில கஸ்டமருக்கு எழுதி வெச்சிருப்பாங்க, பில் இல்லாம மாத்தித் தர மாட்டோம், ஒத்துழைக்கும்படி ரிக்வெஸ்ட் பண்ணிக்கறோமுன்னு. அந்த ரிக்வெஸ்ட்டு.”

“நான் கூப்பிடுவாருன்னுதான சொன்னேன். டெய்லி நடந்தது. ஆறு மாசமா.”

“டெய்லியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எப்பவோ ஒருக்கா கேட்டிருந்தாரு, அதோட முடிஞ்சுதுங்கற மாதிரித்தான் இருக்குது. ஹேட் ஆஸ்க்டு, ஹேட் ரிக்வெஸ்டட்னு எல்லாத்தையும் பழசாக்கிப் போட்டிருக்காங்க.” தாளை மடியில் வைத்தாள். “மலர்ந்த முகமாம். கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளைப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமாக இருந்தது! ஒரு கறை இல்லை, ஒரு கோணல் இல்லை. என் தொட்டியிலிருந்து எடுத்த ஸ்டேட்டர்கூட அப்படிப் பளபளக்காது. உள்ளே கம்பி கருகிக் கிடந்தாலும் மேலே வார்னிஷ் அடித்தால் தெரியாது. அந்த வேலையைத்தான் வருஷக்கணக்காகச் செய்கிறேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

“செரி, அவன் நெசமா என்னதான் சொன்னான்?” என்றாள் மனைவி.

“அது… மோசமாப் பேசுவாரு.”

“மோசமான்னா?”

“உனக்கு எதுக்கு அதெல்லாம்.”

“எங்கிட்டயே சொல்ல முடியலைன்னா அந்த ரூமுல என்னத்தைச் சொல்லியிருப்பீங்க? எழுதுன புள்ளை மேல தப்பில்ல. நீங்க குடுத்ததைத்தான் அவ இஸ்திரி போட்டிருக்கறா. சொல்லுங்க. என்னையே அந்தப் புள்ளைன்னு நெனச்சுக்குங்க.”

“ஊட்டுல ஆம்பளை இல்லாத… இதுன்னு சொன்னாருங்க…”

“சொன்னாருங்களா! அவனுக்கு எதுக்குங்க ‘ங்க’? உங்க சம்பந்தியா அவன்?”

மறுபடியும் தொடங்கினேன். மறுபடியும் ‘வாங்க’ என்றுதான் வந்தது. மனைவி வாளியில் காலை ஆட்டிக்கொண்டே, கடையில் சேலை பேரம் பேசுகிறவர்களிடம் காட்டும் பொறுமையோடு, “அவன் சொன்னதைச் சொல்லுங்க, நீங்க சொல்றதைச் சொல்லாதீங்க” என்றாள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“ஊட்டுல ஆம்பளை இல்லாத கொழுப்பு ஒடம்புல ஏறிக் கெடக்குது. ஸ்டோர் ரூமுக்கு வாடி, எறக்கி உடறேன்.”

வாளியில் ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன.  பிறகு காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு, இன்னும் சூடு ஆறாத தண்ணீரை அப்படியே வாசலில் கொட்டினாள்.

“போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க. சாப்பாடு போடறேன்.”

கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் அந்த வார்த்தைகளைக் கொண்டுவந்துவிட்டேனே என்று இருந்தது. அவற்றை ஆறு மாதம் தினமும் காதில் வாங்கிக்கொண்டு ஒருத்தி கம்பி சுற்றியிருக்கிறாள் என்பது அதற்கு அப்புறம்தான் தோன்றியது. நான் முதலில் என் வீட்டைப் பற்றித்தான் நினைத்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலையில் ஹெச்.ஆர். பெண்ணிடம் போய், நான் சொன்னதில் திருத்தம் இருக்கிறது என்றேன். அவள் கெட்ட பெண் இல்லை. என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “ரிப்போர்ட்டுல இப்படித்தாங்ணா எழுதணும். பேசறமாதிரியே எழுதுனா நல்லாருக்காது. நீங்க சொன்னது எதையும் விடலையே நான்” என்றாள். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தாள். என்றாலும் வெள்ளிக்கிழமை என்னையும் வரச்சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அதே அறை. இந்தத் தடவை அவளும் இருந்தாள், அவனும் இருந்தான். அவளை மேஜையின் ஒரு கோடியிலும் அவனை மறுகோடியிலும் உட்காரவைத்திருந்தார்கள். அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நெற்றியில் விபூதி. மேஜையில் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவளுக்கு வைத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

“திருத்தம்னு சொன்னீங்களாம். என்ன திருத்தம்?” என்றார் வக்கீல் அம்மா.

எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்லச் சொன்னார்கள். உட்கார்ந்தால் வராது என்று தெரியும். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். ‘வாடி’யையும் சொன்னேன். வேறு நாட்களில் சொன்ன இன்னும் இரண்டையும் சொன்னேன். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்குச் சொன்னேன், அது போதும்.

லேப்டாப் சத்தம் நின்றது. அக்கவுண்ட்ஸ்காரர் கூரையைப் பார்த்தார். முதலில் வாய் திறந்தது அவன்தான்.

“ஏனப்பா, பூனையாட்ட இருந்துபோட்டு என்ன பேச்சுப் பேசற நீ? பொம்பளைங்க உக்காந்திருக்காங்கல்ல? மேடம், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, படிக்காத ஆளு. எங்க, எப்படிப் பேசறதுன்னு தெரியாது.”

அவன் சொன்ன அசிங்கத்துக்கு அவனே என்னைக் கண்டிக்கிறான்! அதைவிடக் கேவலம், என் வாய் “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டது. பழக்கம். யாராவது குரலை உயர்த்தினால் எனக்கு அந்த வார்த்தை தும்மல்போல வந்துவிடும். அவன் முகத்தில், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்குமே, அந்தச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

“மன்னிப்பு அவங்ககிட்டக் கேட்டனுங்க” என்றேன், வக்கீல் அம்மாவைக் காட்டி. “உங்கிட்ட இல்ல.”

‘உங்கிட்ட.’ அவனை ‘நீ’ என்று சொல்லிவிட்டேன்.  அவன் டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

“நீங்க அன்னைக்குக் கேட்டப்ப, உங்க முன்னால அந்த வார்த்தையச் சொல்லக்கூடாதுன்னு நான் மாத்திச் சொல்லிப்போட்டனுங்க. அவன் ஒரு நாளும் வாங்க போங்கன்னு பேசுனதில்லீங்க. சிரிச்சான்னு சொன்னது, இந்தா இப்ப சிரிச்சான் பாருங்க, இந்தச் சிரிப்புத்தானுங்க. எப்பவோ ஒருக்கா இல்லீங்க, டெய்லி.”

வக்கீல் அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தார். “இதுதானாம்மா?”

அவள் தலையைத் தூக்கவில்லை. “இதேதானுங்க” என்றாள். “நானும் புகாருல இதை எழுதலீங்க. எழுத முடியலீங்க. தகாத வார்த்தைன்னுதான் எழுதிக் குடுத்தேன்.”

ஹெச்.ஆர். பெண் விரல்களை மடித்து வைத்துக்கொண்டு, “இதை எப்படி மேடம் டைப் பண்றது?” என்று கேட்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. வக்கீல் அம்மா, “டைப் பண்ணவேண்டாம். தமிழ்ல அப்படியே கையால எழுதிக்கலாம்” என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இன்னொருவர் கைக்கு இதைக் கொடுக்க இனிமேல் முடியாது என்று தோன்றியிருக்கவேண்டும்.

ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். என் எழுத்து ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்கும். அந்த மூன்றையும் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவனும் காத்திருக்கவேண்டியிருந்தது. ‘வாடி’ என்று எழுதும்போது பேனா தாளில் அழுந்திப் பின்பக்கம் தடம் விழுந்தது. நான் முக்கியமானது என்று என் கையால் எழுதிய முதல் தாள் அது. அதில் இருப்பது முழுக்க அவன் வாய் நாற்றம். கடைசியில், ‘இதைத் தினமும் சொல்வான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தமிழில் போட்டேன்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். தமிழில்தான் இருந்தது, எல்லோரும் படித்தோம். சூப்பர்வைசர் தம் சொந்த வேண்டுகோளின்பேரில் பணியிலிருந்து விலகியதாகவும், அவருடைய சேவையை நிர்வாகம் பாராட்டுவதாகவும் போட்டிருந்தது. மறுபடியும் வேண்டுகோள்! அவன் கடைசிவரை யாரையாவது வேண்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். சூலூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அங்கேயும் வைண்டிங் மேஜை இருக்கும். அங்கேயும் பெண்கள்தான் சுற்றுவார்கள். அதை நினைத்து ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாள் எங்கே போயிற்று என்று ஹெச்.ஆர். பெண்ணிடம் கேட்டேன். ஃபைலில் பத்திரமாக இருக்கிறது என்றாள். முதல் தாள், அந்த மலர்ந்த முகத் தாள்? அதுவும் அதே ஃபைலில்தான் இருக்கிறதாம்.

அவள் அதற்கடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். கடைசி இடத்திலேயே, தடுப்பை ஒட்டியே உட்கார்ந்தாள். தேநீர் இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபின், சுற்றி முடித்த ஸ்டேட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தடுப்பைச் சுற்றி என் பக்கம் வந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. வார்னிஷ் நெடிக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேஜைக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி என்று அளப்பதுபோல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“இங்கிருந்து எல்லாமே கேக்குமுங்களா?”

“கேக்குமுங்க.”

“ஆறு மாசமாவா?”

தலையாட்டினேன்.

அவள் ஸ்டேட்டரை என் பலகைமேல் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை, மெதுவாகவும் வைக்கவில்லை. “இது அர்ஜென்ட்டுங்ணா. மத்தியானத்துக்குள்ள ஓவன்ல போட்டுருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“சரிங்க” என்றேன்.  ஸ்டேட்டரை எடுத்து, சத்தம் வராமல் தொட்டிக்குள் இறக்கினேன்.